விரலில் 97 காட்டினால் போதுமா?

வாசகர் கேள்வி: 4 ஜூன், மாலை 6.10

என் மாமனாருக்குப் பல வருடங்களாக நுரையீரல் தொல்லை உண்டு. சென்ற வாரம் மூச்சிரைப்பு அதிகமாகி மருத்துவமனையில் சேர்த்தோம். முகமூடி வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. விரலில் மாட்டிய கருவி இரவு முழுவதும் 97, 98 என்றே காட்டியது. அவரும் அசையாமல் தூங்கினார். விடியற்காலையில் வந்த மருத்துவர் அவரைத் தட்டி எழுப்பிப் பார்த்தார், மணிக்கட்டில் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார், அரை மணி நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். 97 உள்ள ஒருவரை எதற்கு மாற்ற வேண்டும்? ஒன்று கருவி பொய் சொல்லியிருக்க வேண்டும், அல்லது மருத்துவமனை பில்லை ஏற்றுகிறது. எண் நன்றாக இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்பதற்குத்தானே அந்தக் கருவி?

4 ஜூன், இரவு 9.40

இரண்டும் இல்லை. கருவி உண்மையைத்தான் சொன்னது. ஆனால் அது பதில் சொல்கிற கேள்வி வேறு.

இருபத்திரண்டு வருடங்களாக மருத்துவமனைக் கருவிகளைப் பிரித்து மாட்டுகிற வேலையில் இருக்கிறேன். மருத்துவன் அல்லன். உங்கள் மாமனாருக்கு என்ன என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூச்சுக்கு இரண்டு வேலைகள். ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவது ஒன்று, கரியமில வாயுவை வெளியே தள்ளுவது மற்றொன்று. விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு இரண்டாவது வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. முகமூடியில் ஆக்சிஜன் தாராளமாகப் போகும்போது, ஒருவர் மெதுவாக, மேலோட்டமாக மூச்சு விட்டாலும் இரத்தத்துக்குப் போதுமான ஆக்சிஜன் கிடைத்துவிடும். எண் 97-இல் நிற்கும். கரியமில வாயு மட்டும் உள்ளே தங்கிக்கொண்டே போகும். அது கூடக்கூடத் தூக்கம் வரும், பிறகு எழுப்பினாலும் எழ முடியாத மயக்கம். 'அசையாமல் தூங்கினார்' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உறுத்தியது அந்த வரிதான். மருத்துவர் முதலில் தட்டி எழுப்பியதும் காரணமில்லாமல் இருக்காது.

மணிக்கட்டுத் தமனியில் எடுத்த இரத்தத்தில் அவர் தேடியது பெரும்பாலும் அந்தக் கரியமில வாயுவின் அளவை. அது 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருப்பது வழக்கம்.

5 ஜூன், காலை 7.15

'இது தெரியாமலா விற்கிறார்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்துதான் விற்கிறார்கள். எடைபோடும் தராசு உயரத்தைச் சொல்லவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

5 ஜூன், பிற்பகல் 2.30

நேற்று எழுதியதில், கருவி ஏதோ ஆக்சிஜனை நேரடியாக அளப்பது போன்ற தொனி வந்துவிட்டது. அப்படியில்லை. அது அளப்பது வெளிச்சத்தை.

கருவியைத் திறந்தால் ஒரு பக்கம் இரண்டு சிறு விளக்குகள், எதிர்ப்பக்கம் ஓர் ஒளி உணரி. ஒரு விளக்கு சிவப்பு, அலைநீளம் 660 நானோமீட்டர் அளவில். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 940 அளவில். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைப் பெருமளவு விட்டுவிடும், அகச்சிவப்பைக் கூடுதலாக விழுங்கும். ஆக்சிஜன் இல்லாதது அதற்கு நேர்மாறு. விரலில் தோல், எலும்பு, நகம், சிரை இரத்தம் எல்லாமே ஒளியை விழுங்குகின்றனவே, தமனி இரத்தத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது? நாடி துடிக்கும்போது கூடிக் குறைகிற பங்கு தமனியுடையது, மாறாமல் நிற்பது மற்றதெல்லாம். மாறாததைத் தள்ளிவிட்டு, மாறுவதை மட்டும் இரண்டு நிறங்களிலும் ஒப்பிட்டு ஒரு விகிதம் எடுக்கிறார்கள்.

இந்த யோசனை ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகியுடையது. 1974-இல் வெளியிட்டார். அவர் தேடிப் போனது ஆக்சிஜனை அல்ல. இரத்தத்தில் சாயம் செலுத்தி, இதயம் எவ்வளவு இரத்தம் தள்ளுகிறது என்று காதுமடல் வழியாக ஒளியால் அளக்க முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை நீக்க வழி தேடியபோது, ஆக்சிஜன் அளவு மாறினால் தம் கணக்கும் குலைவதைக் கவனித்தார். குலைத்ததையே அளந்துவிட்டார்.

சரி, விகிதம் கிடைத்தது. அதிலிருந்து 97 எப்படி வருகிறது? இதைத்தான் பலரும் நம்ப மறுக்கிறார்கள். ஆரோக்கியமான தன்னார்வலர்களைப் படுக்க வைத்து, சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தமனி இரத்தத்தைச் சோதித்து, இந்த விகிதத்துக்கு இந்தச் சதவீதம் என்று ஓர் அட்டவணை போடுகிறார்கள். உங்கள் கையில் இருக்கும் கருவி அந்த அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறது. யாரையும் 70 சதவீதத்துக்குக் கீழே இறக்க மாட்டார்கள், ஆபத்து. ஆகவே 70-க்குக் கீழே திரையில் தெரிவது கணக்கை நீட்டிப் போட்ட ஊகம்.

5 ஜூன், இரவு 10.05

நகப்பூச்சு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். துடைத்துவிட்டு மாட்டுங்கள், விவாதமே வேண்டாம். முடியாவிட்டால் விரலுக்குக் குறுக்கே பக்கவாட்டில் மாட்டிப் பார்க்கலாம். குளிர்ந்த கை, நடுங்கும் கை, மேலே விழும் பலத்த வெளிச்சம் எல்லாம் கெடுக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் புகை. தீ விபத்தில் புகையைச் சுவாசித்தவருக்கு இந்தக் கருவியை நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபினை இந்த இரண்டு நிறங்களால் பிரித்தறிய முடியாது. ஆக்சிஜன் ஏற்றியது என்றே எண்ணிக்கொள்ளும். ஆள் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பார், திரை 99 காட்டும்.

தோலின் நிறமும் கணக்கில் வரும். 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு: கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, தமனி இரத்தத்தில் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தது வெள்ளை நோயாளிகளில் 3.6 சதவீதம் முறை. கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம் முறை. கருந்தோல் உள்ளவருக்குக் கருவி கூட்டிச் சொல்கிற வாய்ப்பு அதிகம். நம்மில் பலருக்கும் இது பொருந்தும். அட்டவணை போடும்போது யார் விரலை வைத்துப் போட்டார்கள் என்பது இங்கேதான் பல்லைக் காட்டுகிறது.

7 ஜூன், காலை 11.00

இரத்த அழுத்தக் கருவி பற்றித் தனியாகக் கேட்ட பெண்மணிக்கு: வீட்டில் 150, மருத்துவமனையில் 132 என்றால் வீட்டுக் கருவி பழுது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கைப்பட்டையைப் பாருங்கள். அதற்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் உங்கள் மேல்கைச் சுற்றளவில் ஏறத்தாழ 40 சதவீதம் இருக்க வேண்டும், நீளம் 80 சதவீதம். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அழுத்தம் கூட்டித்தான் காட்டும்.

இது இந்தக் கருவியோடு பிறந்த நோய். 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி உருவாக்கிய பட்டை ஐந்து செ.மீ. அகலம்தான். கூட்டிக் காட்டியது. 1901-இல் ஃபான் ரெக்லிங்ஹவுசன் அதை அகலப்படுத்தினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகும் வார்டுக்கு வார்டு ஒரே அளவுப் பட்டைதான் தொங்குகிறது. பெரிய பட்டை எங்கே என்று கேட்டால், 'அலமாரியில் இருக்கிறது, சாவி இன்னொருவரிடம்' என்பார்கள்.

அடுத்தது உயரம். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். பத்து செ.மீ. கீழே தொங்கினால் ஏழெட்டு மி.மீ. கூடும், மேலே தூக்கினால் அதே அளவு குறையும். கருவி தவறு செய்யவில்லை. அது தண்ணீர்த் தொட்டிக் கணக்கு. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல், பேசாமல் அளக்க வேண்டும். பேசாமல் என்பதைச் சொல்லும்போதே 'சரி சரி, பேச மாட்டேன்' என்று பேசுவார்கள்.

7 ஜூன், காலை 11.25

விட்டுப்போனது. தானியங்கிக் கருவி மேல் அழுத்தத்தையும் கீழ் அழுத்தத்தையும் நேரடியாக அளப்பதில்லை. காற்றை இறக்கும்போது பட்டைக்குள் எழும் அதிர்வுகளை உணர்கிறது. அதிர்வு உச்சமாக இருக்கும் இடம் சராசரி அழுத்தம். அதிலிருந்து மற்ற இரண்டையும் தயாரிப்பாளரின் சூத்திரப்படி கணக்கிடுகிறது. சூத்திரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. இரண்டு கருவிகள் நாலைந்து எண்கள் வித்தியாசப்படுவதில் ஆச்சரியமில்லை. நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் தடுமாறும். அங்கே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதே நல்லது. டயாலிசிசுக்காக இரத்தக்குழாயை இணைத்திருக்கும் கையில் பட்டையைக் கட்டவே கூடாது.

11 ஜூன், இரவு 11.50

தூக்கம் வரவில்லை, என் அசட்டுத்தனத்தை எழுதிவிடுகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. இரவு நான் துணைக்கு. மற்ற உறவினர்களுக்கு 'பயப்படாதே, அது வெறும் கருவி' என்று சொல்லும் ஆள் நான். பத்து மணி வாக்கில் ஆக்சிஜன் எண் சடசடவென்று இறங்கி, கோடு தட்டையாகி, அலாரம் அலறியது. எழுந்து ஓடினேன். செவிலியர் வருவதற்குள் எண் 98-க்குத் திரும்பிவிட்டது. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும். அவர் வந்தார், எண் சரியாக இருந்தது, என்னைப் பார்த்தார், போனார். மூன்றாவது முறை நான் கூச்சலே போட்டுவிட்டேன், 'கருவியை மாற்றுங்கள், உணரி பழுது, எனக்குத் தெரியும்' என்று.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் வலக்கை விரலில் இருந்த கிளிப்பைக் கழற்றி இடக்கை விரலில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வலக்கையில் அழுத்தப் பட்டை கட்டியிருந்தது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக இறுக்கும்படி வைத்திருந்தார்கள். இறுக்கும்போது அந்தக் கைக்கு இரத்த ஓட்டம் நிற்கும். நாடி இல்லை, எண்ணும் இல்லை. இதே விஷயத்தை அதற்கு முந்தைய மாதம்தான் பயிற்சி வகுப்பில் பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருந்தேன்.

12 ஜூன், காலை 8.20

அலாரம் என்றதும் ஆளாளுக்குச் செவிலியர்களைத் திட்டத் தொடங்கிவிட்டீர்கள். நிறுத்துங்கள். பத்துப் படுக்கை உள்ள ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நெஞ்சில் ஒட்டிய ஒயரின் ஒட்டு கழன்றால் அலாரம், இருமினால் அலாரம், புரண்டு படுத்தால் அலாரம், மருந்து தீரப்போகிறது என்று ஒன்று, பேட்டரி என்று ஒன்று. 'புலி வருகிறது' கதைதான். அமெரிக்காவின் ஜாயிண்ட் கமிஷன் என்ற மருத்துவமனைத் தரச்சான்று அமைப்பு 2013-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை தங்களிடம் வந்த அலாரம் சார்ந்த நிகழ்வுகள் 98, அவற்றில் இறப்பு 80. காது மரத்துப் போவதும், எரிச்சலில் அலாரத்தை நிறுத்தி வைப்பதும், எல்லையை அந்த நோயாளிக்கு ஏற்ப மாற்றி வைக்காததும் அதற்குள் உண்டு.

துணைக்கு இருப்பவர்கள் செய்யக் கூடாத ஒன்று: சத்தம் தாங்காமல் பொத்தானை அமுக்கி அடக்குவது. அமுக்கியவருக்கு அது இரண்டு நிமிட மௌனமா, நிரந்தர மௌனமா என்று தெரியாது. கருவிக்குக் கருவி வேறு.

15 ஜூன், மாலை 5.45

இனி என் மனதுக்கு நெருக்கமான, என்னை அதிகம் பயமுறுத்துகிற கருவி: மருந்து செலுத்தும் பம்ப்.

இதில் இரண்டு வகை. பாட்டிலிலிருந்து வரும் குழாயை வரிசையாக அமைந்த சிறு விரல்கள் மாறி மாறி அழுத்தி மருந்தை முன்னே தள்ளுவது ஒன்று. சிரிஞ்சைப் படுக்க வைத்து அதன் தண்டைத் திருகாணியால் மெல்ல மெல்லத் தள்ளுவது இன்னொன்று. இரண்டும் மணிக்கு இத்தனை மில்லி என்று சொன்னால் சொன்னபடி கேட்கும். பிரச்சினை, சொன்னபடியே கேட்பதுதான். 5.0 என்று போட நினைத்து 50 போட்டால் 50 போகும். கணக்குப் போட்டவர் வேறு, பொத்தானை அமுக்குபவர் வேறு, இரவு மூன்று மணி, புள்ளி கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. அதனால்தான் ஆபத்தான மருந்துகளுக்கு இரண்டு பேர் தனித்தனியே பார்த்துச் சரிபார்க்கும் வழக்கம். தனித்தனியே என்பது முக்கியம். 'ஐந்துதானே போட்டிருக்கிறேன், பார்' என்று கேட்டால் பார்ப்பவர் கண்ணுக்கும் ஐந்தாகத்தான் தெரியும்.

ஒருமுறை 'பம்ப் வேகமாக ஓடுகிறது' என்று சிவப்புச் சீட்டு ஒட்டி ஒரு சிரிஞ்சு பம்ப் என் மேசைக்கு வந்தது. அளவுக் குவளை, நிறுத்துக் கடிகாரம் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினேன்; அச்சு மாறாமல் சரியாக ஓடியது. 'பழுதில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் அதே சீட்டோடு திரும்பி வந்தது. இந்த முறை வார்டுக்கே போனேன். பம்பின் திரையில் தேர்ந்தெடுத்திருந்தது ஒரு நிறுவனத்தின் 50 மில்லி சிரிஞ்சு. உள்ளே மாட்டியிருந்தது வேறு நிறுவனத்தின் 50 மில்லி. கொள்ளளவு ஒன்றே, உள்விட்டம் வேறு. பம்புக்குத் தெரிந்தது தண்டை எத்தனை மில்லிமீட்டர் தள்ள வேண்டும் என்பது மட்டும்தான். விட்டத்தை அது திரையில் சொன்னபடி நம்பிக்கொள்கிறது. அகன்ற சிரிஞ்சை மாட்டினால் அதே தூரத்துக்கு அதிக மருந்து. கருவியை மட்டும் மேசையில் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை ஆயுளுக்கும் அகப்படாது. அன்றிலிருந்து புகார் வந்தால் முதலில் கருவியைக் கொண்டுவரச் சொல்வதில்லை, நானே போய்ப் பார்க்கிறேன்.

இன்னொன்று தடையற்ற ஓட்டம். பம்பின் கதவைத் திறந்து குழாயை வெளியே எடுக்கும் நொடியில், விரல்களின் பிடி போய்விடுகிறது. குழாயில் இருக்கும் உருளைத் தடுப்பை மூடாமல் எடுத்தால், மேலே தொங்கும் பாட்டில் முழுவதும் தன் எடையாலேயே இறங்கும். மணிக்கு ஐந்து மில்லி போக வேண்டியது சில நிமிடங்களில் காலி. ஆகவே வரிசை: தடுப்பை மூடு, பிறகு கதவைத் திற. தலைகீழாகச் செய்யாதே. நோயாளியின் உடையை மாற்றும்போது, 'ஒரு நிமிடம்தானே' என்று துணைக்கு இருப்பவர்கள் குழாயைப் பம்பிலிருந்து உருவிய கதைகள் எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

16 ஜூன், காலை 6.30

செவிலியர் ஒருவர் திருத்தியிருக்கிறார், சரியான திருத்தம். இப்போது வரும் பல குழாய்களில், கதவைத் திறந்ததும் தானாக மூடிக்கொள்ளும் கிளிப் இருக்கிறது. நான் பழைய காலத்து ஆளாக எழுதிவிட்டேன். ஆனால் கிளிப் குழாயோடு வருவது. அந்தப் பம்புக்கான குழாய் தீர்ந்துபோய் வேறு ஒன்றை மாட்டும் இரவில் கிளிப்பும் இருக்காது. தடுப்பை மூடும் பழக்கத்தை விட வேண்டியதில்லை.

அவரே இன்னொன்றையும் நினைவூட்டினார். குழாய் எங்கோ மடங்கி 'அடைப்பு' அலாரம் அடித்தால், மடிப்பை உடனே நீவி விடக் கூடாது. அடைபட்ட நேரம் முழுவதும் பம்ப் தள்ளிய மருந்து குழாய்க்குள் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. விட்டதும் ஒரே மடக்காக உள்ளே போகும். முதலில் நோயாளியின் பக்கத்தை மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, பிறகுதான் மடிப்பை எடுக்க வேண்டும். இது செவிலியர் வேலை. நீங்கள் கூப்பிட்டால் போதும்.

20 ஜூன், பிற்பகல் 1.10

'சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?' எளிய கணக்கு. சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு லிட்டரில், பெருக்கல் அழுத்தமானி 'பார்' என்ற அழுத்த அலகில் காட்டும் எண். 4.7 லிட்டர் சிலிண்டரில் 130 பார் என்றால் சுமார் 611 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 61 நிமிடம். ஊசி பாதிக்கு வந்தால் வாயுவும் பாதி. தள்ளுவண்டியில் வேறு கட்டிடத்துக்கு ஸ்கேனுக்குப் போகும்முன் யாராவது ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து.

வால்வைச் சட்டென்று திறக்கக் கூடாது, மெல்லத் திறக்க வேண்டும். திருகு இறுகிவிட்டது என்று எண்ணெயோ கிரீசோ தொடவே கூடாது. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். முகத்துக்கு களிம்பு தடவிய கையோடு ரெகுலேட்டரைத் திருகுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நிறத்தை நம்பாதீர்கள். ஆக்சிஜன் சிலிண்டர் ஒரு நாட்டில் பச்சை, ஒரு நாட்டில் வெள்ளை, வேறொன்றில் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும். எழுதியிருப்பதைப் படியுங்கள். சிறிய சிலிண்டர்களில் இன்னொரு காவலும் உண்டு: வால்வின் முகத்தில் இரண்டு துளைகள், எதிரே கருவியில் இரண்டு ஆணிகள். ஆக்சிஜனுக்கு 2, 5 ஆம் இடங்கள், மயக்கத்துக்குப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவுக்கு 3, 5. மாற்றி மாட்டினால் உட்காராது. உட்காராததைச் சுத்தியலால் உட்கார வைக்கப் பார்த்த ஒருவரையும் கண்டிருக்கிறேன்.

20 ஜூன், இரவு 9.00

இரண்டு திருத்தங்கள். சிலிண்டரைச் சுழியம் வரை ஓட்டுவதாக 61 நிமிடம் என்று எழுதியது முட்டாள்தனம். ஒதுக்கு வைக்காமல் யாரும் கிளம்பக் கூடாது; 50 பாரை மிச்சம் வைத்தால் 80 பார்தான் நம்முடையது, 37 நிமிடம். அடுத்தது, ஊசி பாதி என்றால் வாயு பாதி என்பது ஆக்சிஜனுக்குப் பொருந்தும். நைட்ரஸ் ஆக்சைடு உள்ளே திரவமாக இருப்பதால், கடைசித் துளி திரவம் ஆவியாகும்வரை ஊசி அசையாது. பிறகு மளமளவென்று விழும். அதற்கு எடைபோட்டுத்தான் மிச்சத்தை அறிய முடியும்.

23 ஜூன், மாலை 4.00

எம்.ஆர்.ஐ. பற்றிப் பேச்சு போய்விட்டது, போகட்டும். ஒன்றே ஒன்று: ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். விளக்கை அணைத்தாலும், இரவானாலும், ஆளே இல்லாவிட்டாலும். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. 2001-இல் அமெரிக்காவில் ஸ்கேனுக்குள் படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவன், அறைக்குள் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் பறந்து தாக்கி இறந்தான். 2018-இல் மும்பையில் உறவினரோடு துணைக்கு வந்த ஒருவர், கையில் சிலிண்டரோடு உள்ளே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். இரண்டிலும் அது ஆக்சிஜன் சிலிண்டர் என்பதைக் கவனியுங்கள். நோயாளிக்கு உதவி என்று எண்ணித்தான் கொண்டுபோகிறார்கள்.

கதவருகே நிற்கும்போது சட்டைப் பையில் இருந்த என் டெஸ்டர் ஒருமுறை நிமிர்ந்து அறையைப் பார்த்தது. அதோடு அந்த நடைபாதைக்குச் சட்டைப் பையைக் காலி செய்துவிட்டுத்தான் போகிறேன்.

26 ஜூன், காலை 10.40

மானிட்டரில் ஒயர் செருகும் இடத்தில் சிறு படம் இருக்குமே, அது என்ன என்று கேட்ட மாணவருக்கு. சதுரத்துக்குள் மனித உருவம் என்றால் மின்கசிவுக்கு எதிரான ஒரு வகைக் காப்பு. சதுரத்துக்குள் இதயம் என்றால் அதைவிடக் கடுமையான காப்பு. இதயத்தையே தொடும் ஒயரை அங்கே செருகலாம். இருபுறமும் அடைப்புபோல் கோடுகள் இருந்தால், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்போது கழற்ற வேண்டியதில்லை.

ஏன் இத்தனை கெடுபிடி? தோல் வழியாக ஒரு மில்லி ஆம்பியர் போனால்தான் நமக்குச் சுரீர் என்று உறைக்கும். இதயத்தைத் தொடும் ஒயர் வழியாக அதில் பத்தில் ஒரு பங்கு போனாலே துடிப்பு குலையலாம். தொடுபவருக்கு ஒன்றுமே தெரியாது. இதயக் குறி உள்ள இணைப்பில் சாதாரண நிலையில் கசிவு 10 மைக்ரோ ஆம்பியருக்குமேல் போகக் கூடாது என்பது விதி. நீங்கள் படுக்கைக்கு அருகே செல்பேசிக்கு மின்னேற்ற, கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தரைமுனை இல்லாத நீட்டிப்புப் பெட்டியைச் செருகும்போது எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

27 ஜூன், இரவு 8.15

சினிமாவில் மானிட்டரில் நேர்க்கோடு வந்ததும் நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுத்து எழுப்பும் காட்சி. கற்பனை. அந்த மின்னதிர்ச்சிக் கருவியான டிஃபிப்ரிலேட்டர் நின்ற இதயத்தை ஓட வைக்கும் கருவி அல்ல. தாறுமாறாக நடுங்கும் இதயத்தை ஒரு கணம் அடக்கி, அதன் சொந்தத் தாளத்துக்கு வழிவிடும் கருவி. நேர்க்கோட்டில் அடக்க ஒன்றுமில்லை. அங்கே வேலை நெஞ்சழுத்தமும் மருந்தும்தான். அதற்கும்முன், நோயாளியைத் தொட்டுப் பார்த்து, ஒட்டு கழன்றிருக்கிறதா என்று பார்ப்பது. நேர்க்கோடு காட்டும் நோயாளி 'தண்ணீர் வேண்டும்' என்று கேட்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

அதிர்ச்சி கொடுக்கும்போது ஆக்சிஜன் முகமூடியை எடுத்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். தலையணை மேலேயே வைப்பார்கள், வாயு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பொறி போதும்.

2 ஜூலை, காலை 7.50

மாமனார் வீடு திரும்பிவிட்டார், கரியமில வாயு அதிகமாகத்தான் இருந்ததாம், முகமூடியில் ஆக்சிஜனைக் குறைத்து மூச்சுக்கு உதவும் கருவி வைத்தார்களாம். நல்லது. வீட்டுக்கு ஆக்சிமீட்டர் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வாங்குங்கள். நான் திட்டியது கருவியை அல்ல.

கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். கருவி சில நொடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. அரை நிமிடமாவது பொறுத்து எண் ஓரிடத்தில் நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். கருவி சொல்லும் நாடித்துடிப்பும் உங்கள் விரலால் எண்ணும் நாடித்துடிப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அது பொருந்தாவிட்டால் மற்ற எண்ணையும் எழுத வேண்டாம். அவருக்கு எந்த எண் சரி என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நுரையீரல் நோய் பழகியவர்களில் சிலருக்கு 88 முதல் 92 வரை வைத்தால் போதும் என்பார்கள். 98 பார்க்கும் ஆசையில் ஆக்சிஜனை நீங்களாக ஏற்றினால் மறுபடியும் அதே இரவுதான்.

எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. மூன்றாவது கட்டம்: கூப்பிட்டதும் விழித்தாரா.

2 ஜூலை, காலை 8.05

மூச்சை எண்ணுவது பற்றி ஒன்று விட்டுவிட்டேன். எண்ணப்போகிறேன் என்று அவரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். என் அம்மா இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார், அது வேறு கதை.